அழைப்பு வராத மார்ச்

வக்கீல் பதினோரு பக்கம் எழுதிக் கொண்டுபோயிருந்தார்.
மாய்ட்டே ஓலாபாரியா அதைப் புரட்டிவிட்டு
அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தாள்,
எரிக்கவா படிக்கவா என்று சொல்லாமல்.
பிறகு தீவன ரசீது ஒன்றின் பின்புறத்தில்
தன் கையாலேயே எழுதினாள்:

நடக்கலாம். சைக்கிள் விடலாம்.
நாய் கயிற்றில் இருக்க வேண்டும்.
ஆடுகள் குட்டி போடும் ஏப்ரலில் யாரும் வரக் கூடாது.
ஒரு வருஷத்துக்கு மட்டும்.
மார்ச் முதல் தேதி நான் கூப்பிட்டால் மூடிவிடுங்கள்.
கூப்பிடாவிட்டால் இருக்கட்டும்.

ஐடஹோவின் அடிவாரக் குன்றுகளில்
நான் போட்ட சிவப்புக் கோடு நாலு மைல்,
ஆறு பேருடைய நிலம்.
ஐந்து பேர் சரியென்ற பிறகும்
நடுவில் கிடந்தது அவளுடைய வேலி.

கோடு போடுவது சுலபம்.
மண்ணுக்குப் பென்சிலைத் தெரியாது.
பத்தடிக்கு ஓரடிக்கு மேல் ஏறினால்
முதல் மழையே பாதையைத் தன் பெயருக்குப்
பட்டா போட்டுக்கொள்ளும்.

சனிக்கிழமைகளில் வந்தார்கள்.
பல் மருத்துவத்தை விட்டுவிட்ட ஹார்லன் விட்காம்;
பாறைக்கு வேர் எங்கே என்று பார்க்கும் கை
இன்னும் போகவில்லை அவரை விட்டு.
பள்ளி சைக்கிள் அணியிலிருந்து ப்ரின்லி,
காதில் பாட்டு, உள்ளங்கையில் கொப்புளம்,
இரண்டைப் பற்றியும் கேட்டால் பதில் கிடையாது.
அப்புறம் செனாட்.

செனாட் கல்லடுக்குவார், பேச மாட்டார்.
ஸேஜ் புதரின் துளி நிழலில் உட்கார்ந்து
ஒருநாள் தண்ணீர் குடிக்கும்போது சொன்னார்:
'போஸ்னியாவில், எங்கள் மலைப்பக்கம்,
பிள்ளைகளுக்கு ஒரே பாடம்தான்.
பாதையை விட்டு இறங்காதே.
இறங்கிய ஒருவன் என் வகுப்பில் இருந்தான்.'
மூடியைத் திருகி மூடினார்.
எழுந்துபோய்
'பாதையிலேயே நடக்கவும்' என்ற பலகையை நட்டார்.
இங்கே அது புல்லுக்காக,
முளைக்கப் போகும் காட்டு லூப்பினுக்காக.
இரண்டு அடி போதும்.
அவர் ஏழு அடி அடித்தார்.

எதிர்க் குன்றில் பிக்கப் வண்டியை நிறுத்தி
மாய்ட்டே எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.
இறங்கியதே இல்லை.
ஒரு காலையில் போய்ப் பார்த்தால்
நாங்கள் நட்ட நீலக் கொடிகள்
இருபதடி மேலே ஏறியிருந்தன.
பிடுங்கிப் பழைய இடத்திலேயே நடலாம் என்றாள் ப்ரின்லி.
நானும் கெட்ட வார்த்தை ஒன்றை
மெதுவாக, முழுசாகச் சொன்னேன்.
ஆனாலும் கொடி நின்ற இடத்தில்தான் வெட்டினோம்;
நிலம் அவளுடையது.

மே மாதம், பனி உருகிக் குன்று கசிந்தபோது
எங்கள் பழைய கோடு போன இடத்தில்
முழங்கால் சேறு. ஒரு கன்றுக்குட்டி சிக்கிக் கத்தியது.
அதைப் பற்றி அவளும் பேசவில்லை,
நாங்களும் பேசவில்லை.
அந்தக் கோடைதான் கொஞ்சம் வேகமாகப் போனது.

ரிப்பன் வெட்டவில்லை.
முதலில் நடந்தது யாரென்று தெரியாது;
ஈரத்தில் ஒரு ஷூ தடம், சின்னது,
அதன் மேலேயே
போன வேகத்தில் திரும்பி வந்த தடம்.

இது ஒன்பதாவது மார்ச்.
நிரந்தரமாக எழுதி வாங்கிவிடு என்கிறார்கள்.
ரசீது என் சமையலறை இழுப்பறையில் இருக்கிறது,
பின்னால் அவள் விதிகள்,
முன்னால் நாற்பது மூட்டைத் தீவனத்தின் விலை.
முதல் தேதி முழுக்க
தொலைபேசியை மேஜைமேல் வைத்துக்கொண்டு
சூப்பில் உப்புப் போட்டேனா என்று மறந்துபோகிறேன்.
நேற்று மாலை அது அடித்தது.
ஹார்லன்.
'அவள் கூப்பிட்டாளா?' என்று கேட்டு
என் உயிரைப் பாதி பிடுங்கிவிட்டார்,
மருந்து போடாமல்.

இன்று விடியலில் பாதையில் நடந்தேன்.
எதிர்க் குன்றில் பிக்கப்.
கண்ணாடிக்குப் பின்னால் அவள் தொப்பி.
எனக்குக் கை அசைக்கத் தோன்றியது.
பாதி தூக்கிய கையால்
காதைச் சொறிந்துகொண்டேன்.

அசைத்து, அவளும் பதிலுக்கு அசைத்து,
அது அழைப்பு என்று ஆகிவிட்டால்?